பதினோரு செகண்டு தாய்மாமன்

கோவிந்தசாமி வீட்டு ஹாலில் அன்றைக்கு முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிச்சோறு சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மென்றபடி எல்லோரும் டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் கோவிந்தசாமி. புது வேட்டி கட்டியிருந்தார். தன்னைத் தானே டிவியில் பார்ப்பதற்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்த மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் டிவிக்குப் பக்கத்தில் சிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய தங்கச்சி மகள் அமுதாவின் கல்யாண சிடி. நான் தனியாக எடிட் செய்த முதல் கல்யாணம்.

"போடும்மா" என்றார்.

போட்டேன். முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியது. முடிந்தது. நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

கோவிந்தசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாட்டெல்லாம் நல்லாருக்கும்மா. இதுல நான் எங்க?"

மவுஸ் பிடிக்கத் தெரிந்த பெண்

கம்ப்யூட்டர் வகுப்புக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு நுழைந்த கதையைச் சென்ற இதழில் சொல்லிவிட்டேன். அங்கே ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழோடு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் செந்துறைப் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அப்பா சென்ட்ரிங் வேலைக்கு மாறினார். நான் ஏசி ரூமுக்கு மாறினேன். அந்த ஏசி கம்ப்யூட்டருக்காக வாங்கியது. எனக்குக் குளிர்ந்தது தற்செயல்.

முதலாளி தங்கராசு அண்ணன் நல்ல போட்டோகிராபர். கல்யாணக் கூட்டத்தில் யார் சண்டை போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஆனால் கம்ப்யூட்டரைக் கண்டால் பயம். எடிட்டிங் கற்றுக்கொள்ளத் திருச்சிக்கு மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்திருந்தார். வகுப்பில் எழுதிய நோட்டை எனக்குக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'கம்ப்யூட்டரை ஆன் செய்யவும்' என்று இருந்தது. மற்ற பக்கங்கள் காலி.

"மீதியெல்லாம் மனசுல இருக்கும்மா" என்றார்.

மனசிலிருந்து அது கடைசி வரைக்கும் வெளியே வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் மானிட்டரின் ஓரத்தில் அப்படியே இருந்தன. துடைத்தால் ஆகாது என்பது அண்ணனின் கட்சி. சேர்ந்த புதிதில் ஒரு மாப்பிள்ளையின் கன்னத்தில் ஏதோ சிவப்பாக இருக்கிறதே என்று அரை நாள் கலர் சரி செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை பச்சையாகிவிட்டார். குங்குமம் அங்கேயே இருந்தது.

வார்த்தைக்கு வார்த்தை

கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பதை எங்கள் பக்கம் 'மிக்ஸிங்' என்பார்கள். தங்கராசு அண்ணனுக்கு அதில் ஒரே ஒரு சட்டம்தான். பாட்டில் என்ன வார்த்தை வருகிறதோ அது திரையில் வர வேண்டும்.

பூ என்று வந்தால் பூ. நிலா என்று வந்தால் பெண்ணின் முகம். தேன் என்று வந்தால் பந்தியில் பாயசம். ஒரு பாட்டில் மான் என்று வந்துவிட்டது. அண்ணன் இரண்டு நாள் மானுக்காகத் தவித்தார். கடைசியில் மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஆட்டை எடுத்திருந்தது ஞாபகம் வந்தது.

"ஆடுண்ணே அது" என்றேன்.

"சின்னதா போட்டுரு. வேகமா போயிரும்."

போட்டோம். அந்த ஆடு அன்று சாயங்காலமே குழம்பாகிவிட்டது என்பது வேறு விஷயம். மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவை மான் அல்ல. தங்கள் முகம். அந்தச் சின்ன உண்மையை நான் அப்போதே கவனித்திருந்தால் பின்னால் அவ்வளவு அடிபட்டிருக்க மாட்டேன்.

பிறகு இதயங்கள். ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போக, இதய வடிவத்தில் திரை கிழியும். பக்கம் புரளும். கனசதுரம் சுழலும். ரோஜா விரியும். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் வகை இருந்தது. அத்தனையையும் ஒரே கல்யாணத்தில் போட்டுவிடத் துடிக்கும் வயது எனக்கு. ஒரு தடவை தாலி கட்டுகிற நேரத்தில் கனசதுரம் சுழன்று, மூன்றாவது முடிச்சு யார் போட்டார்கள் என்றே தெரியாமல் போனது.

ஜன்னலோரம்

தாளத்துக்கு வெட்டுவது என்ற ஒன்று உண்டு என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செந்துறையிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் கண்டுபிடித்தேன்.

டிரைவர் பாட்டுப் போட்டுவிடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெளியே முந்திரிக்காடு, மைல்கல், சைக்கிள்காரர், சுண்ணாம்புக்கல் லாரி. ஒரு நாள் பாட்டில் மேளம் ஒரு அடி அடித்தது. அதே கணத்தில் ஜன்னலில் ஒரு லாரி விருட்டென்று கடந்தது. அடுத்த அடிக்கு ஒரு மைல்கல். எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் பஸ்ஸில் கண்ணை அடிக்கு ஒரு தரம் மூடி மூடித் திறந்துகொண்டே வந்தேன். மூடுகிற இடம் வெட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "கண்ணுல தூசியாம்மா?" என்று கேட்டு ஊதிவிடப் பார்த்தார்.

ஸ்டுடியோவில் ஒரு காது குத்து விழா டேப் சும்மா கிடந்தது. அதை வைத்துப் பரீட்சை செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. தட்டு, கத்திரிக்கோல், மொட்டைத் தலை, மாமன் மடி, ஆசாரியின் கை, அழுகை. குழந்தை அழுகிற வாய் மட்டும் பன்னிரண்டு தடவை தாளத்தோடு திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒரே பெருமை.

தங்கராசு அண்ணன் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்னம்மா இது, கரண்டு வந்து வந்து போற மாதிரி இருக்கு?"

"தாளத்துக்கு வெட்டிருக்கேண்ணே."

"பாட்டுல குழந்தைன்னு எங்கயாச்சும் வருதா?"

"வரல."

"பின்ன எதுக்கு குழந்தையக் காட்டுற?"

இப்படி இரண்டு கட்சியாக நாங்கள் ஒரே ஏசி அறைக்குள் இருந்தோம். வார்த்தைக் கட்சி அவர். தாளக் கட்சி நான். ஆனி முகூர்த்தங்கள் வந்தன. அண்ணன் வாலிகண்டபுரம் பக்கம் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும், அங்கிருந்தே அடுத்தடுத்து மூன்று கல்யாணத்துக்கும் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது, "கோவிந்தசாமி வூட்டுக் கல்யாணத்த நீயே முடிச்சுக் குடுத்துரும்மா. பெரிய மனுசன். பாத்து" என்றார்.

நான் பார்த்தேன். ஆனால் தாளத்தை மட்டும் பார்த்தேன்.

நாற்பத்தேழு தடவை

கோவிந்தசாமி அரியலூரில் சொந்தமாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். அவருடைய தங்கச்சி சின்னப்பொண்ணு அம்மாவுக்குச் சின்ன வயசிலேயே கணவர் இறந்துவிட்டார். அண்ணன் வீட்டிலேயே இருந்து மகள் அமுதாவை வளர்த்தார். கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியது தாய்மாமன் கோவிந்தசாமிதான். தாரை வார்த்துக் கொடுத்ததும் அவரும் அவர் மனைவியும்தான். மாப்பிள்ளை வீடு அரும்பாவூர்.

மூன்று மணி நேர டேப்பில் கோவிந்தசாமி இல்லாத இடமே இல்லை. அதுதான் பிரச்சனை. எந்தக் காட்சியானாலும் நடுவில் வந்து நின்று கேமராவைப் பார்ப்பார். பார்த்தபின் நகர மாட்டார். நடந்தால் மெதுவாக, தாளத்துக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் அவர் போக்கில் நடப்பார். மாப்பிள்ளையின் அப்பாவோ சுறுசுறுப்பான ஆள். தலையைத் திருப்பினால் ஒரு அடிக்குச் சரியாக வரும். சிரித்தால் அடுத்த அடிக்கு வரும். அவரை எடுத்துக்கொண்டேன். கோவிந்தசாமியை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினேன்.

அவர் கொண்டுவந்த சீர்வரிசையையும் நான்கே செகண்டில் முடித்திருந்தேன். ஆப்பிள் தட்டு, லட்டுத் தட்டு, புடவைத் தட்டு, மறுபடி ஆப்பிள். தட்டு மட்டும் தெரியும். தூக்கி வந்தவர்கள் யாரும் தெரிய மாட்டார்கள்.

இப்போது அந்த ஹாலுக்கு வருகிறேன். "இதுல நான் எங்க?" என்று அவர் கேட்டதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது.

"என் முதுகுதான் வருது" என்றார் ஒரு பெரியம்மா.

"பந்தியவே காணோமே. சாப்பாடு போடலன்னு நெனைக்கப் போறாங்க."

"நாங்க தூக்கிட்டு வந்த தட்டு வருது. எங்களக் காணோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதுவரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "மாப்பிள்ள அப்பாரு நாப்பத்தேழு தடவ வந்துட்டாரு" என்று அறிவித்தார்.

கோவிந்தசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அரும்பாவூர்லேர்ந்து யாராச்சும் ஸ்டுடியோவுக்கு வந்தாங்களா?"

"இல்லீங்க சார். தாளத்துக்கு ஏத்த மாதிரி..."

"தாளமா?"

அந்த வார்த்தையை அவர் உச்சரித்த விதத்தில், நான் கற்றுக்கொண்ட கலை முழுவதும் அந்த ஹாலில் செத்து விழுந்தது.

இன்னொரு சிடி அதற்குள் அரும்பாவூருக்குப் போயிருந்தது. அங்கே மாப்பிள்ளையின் அப்பா தெருவையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பதாகத் தகவல் வேறு வந்தது. "தாலி எடுத்துக் குடுத்தவன் நான். படத்துல அவரு கல்யாணம் மாதிரில்ல இருக்கு" என்றார் கோவிந்தசாமி. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆடிக்கு நான் போயி அழைக்கறதா இல்ல. வேணும்னா இந்தத் தாளத்த அனுப்பி அழைச்சிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆடி பிறக்கப் பதினைந்து நாள்கூட இல்லை. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டிலிருந்து முறையாகப் போய் அழைத்து வர வேண்டும். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் போக வேண்டும். அவர் போகாவிட்டால் அது ஊர் வாயில் விழும்.

நான் தெருவுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சின்னப்பொண்ணு அம்மா பின்னாலேயே வந்தார். கையில் எனக்கு ஒரு டம்ளர் மோர்.

"குடிச்சிட்டுப் போம்மா. அண்ணன் கோவக்காரரு. மனசுல ஒண்ணுமில்ல. ஆனா சொல்லிட்டா மாறமாட்டாரு. அவரு போகலன்னா எம் பொண்ணு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா." கொஞ்சம் நிறுத்தி, "எப்படியாச்சும் அவரக் கொண்டாந்து அதுல வெச்சிரும்மா" என்றார்.

"வெச்சிர்றேங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பதினோரு செகண்டு

மறுநாள் காலை ஸ்டுடியோவில் டேப்பைத் தேடினேன். இல்லை. அந்தக் காலத்தில் ஒரே டேப்பில் பழையதன் மேலேயே அடுத்தடுத்து நாலைந்து கல்யாணம் எடுப்போம். அண்ணன் அதே டேப்புகளைத்தான் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். போன் போட்டேன்.

"அதுலதாம்மா இப்ப காலையில நலங்கு எடுத்தேன்" என்றார் உற்சாகமாக. "நல்லா வந்திருக்கு."

கம்ப்யூட்டரில் இருந்த, நான் பயன்படுத்தாத துண்டுகளையெல்லாம் இடம் போதவில்லை என்று நானே அழித்திருந்தேன். மூன்று மணி நேரம் முழுக்க நின்ற மனிதர் எங்குமே இல்லை.

மத்தியானம் வரை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. ரோஜா விரிகிற வித்தையைச் சோதித்துப் பார்க்கத் தனியாக எடுத்து வைத்திருந்த துண்டு. சீர்வரிசைக்கு முன்னால் கோவிந்தசாமி மாலைத் தட்டோடு நடந்து வருகிறார். வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். கேமராவைப் பார்க்கிறார். ஒரு கையால் மீசையை முறுக்குகிறார். மொத்தம் பதினோரு செகண்டு.

இந்தப் பதினோரு செகண்டிலிருந்து ஒரு முழுப் பாட்டுக்கு, நாலு நிமிஷத்துக்கு, தாய்மாமன் வர வேண்டும்.

முதலில் அவரை மெதுவாக நடக்க விட்டேன். அவர் ஏற்கெனவே மெதுவாக நடப்பவர். இப்போது ஒரு காலை எடுத்து வைத்து மறு காலை எடுக்கும் முன் பல்லவி முடிந்துவிட்டது. பிறகு படத்தை இடவலமாகத் திருப்பினேன். இடப்பக்கமிருந்து வந்தவர் வலப்பக்கமிருந்தும் வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவரை அவரே எதிர்கொண்டு வரவேற்றார். பின்னோக்கி ஓட விட்டேன். சீர்வரிசை மொத்தமும் பின்பக்கமாக நடந்து போயிற்று. கூட்டத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா வாயிலிருந்து முழு முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தார்.

மீசைதான் என்னைக் காப்பாற்றியது. மேளம் 'டம்' என்று அடிக்கிற இடத்தில் மீசை முறுக்கு. மறு 'டம்'முக்கு மறு முறுக்கு. நாலு கட்டமாகப் பிரித்து நாலு கோவிந்தசாமியும் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கினார்கள். அவருக்குப் பின்னால் பூமி உருண்டையைச் சுழல விட்டேன். பொட்டல் வெளியில் நெருப்பு வெடிப்பது ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. எதற்கு இருந்தது என்று தெரியாது. அதையும் போட்டேன். தாளத்துக்கே ஒத்து வராத மனிதரை இப்படி அடிக்கு அடி தாளத்தில் கட்டிப் போட்டேன். இடையில் இரண்டு தடவை கரண்டு போய், இரண்டு தடவை முதலிலிருந்து செய்தேன். மூன்று நாள் பிடித்தது.

இன்னொரு தடவ

நாலாம் நாள் காலையில் சிடியை எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் கோவிந்தசாமியும் அவர் மனைவியும் இருந்தார்கள். சின்னப்பொண்ணு அம்மா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். துலக்குகிற சத்தம் நின்றுவிட்டது.

பாட்டு ஓடியது. முறுக்குக்கார அம்மா வந்து போனார். பூமி சுழன்றது. நெருப்பு வெடித்தது. கோவிந்தசாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் வாயைத் திறந்தார்.

"ஏங்க, ஒரே எடத்துலயே நடந்துக்கிட்டிருக்கீங்க?"

"ஸ்டைலுக்குப் போட்டிருக்காங்க. ஒனக்கு என்ன தெரியும்."

முடிந்ததும் என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ போடும்மா." போட்டேன். "இன்னொரு தடவ." மூன்றாவது தடவை அவருடைய வலது கை தானாக மீசைக்குப் போனது. சரியாக 'டம்'முக்குப் போனது.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவர் அரும்பாவூர் போனார். பழம், பூ, வேட்டி, புடவை, கூடவே அந்த சிடி. அங்கே போய் முதலில் சிடியைத்தான் போட்டாராம். அப்புறம்தான் காபி குடித்தாராம். அமுதா வந்து சேர்ந்தாள்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா ஸ்டுடியோ வாசலில் நின்றார். நாற்பத்தேழு தடவை வந்தவர்.

"சம்பந்திக்குப் பின்னால உருண்ட சுத்துதே, அது எனக்கும் வேணும். அவருக்கு ஒண்ணு சுத்துது. எனக்கு ரெண்டு போடுங்க."

அதற்குப் பிறகு ஓராண்டு, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் 'மாமா பாட்டு' கேட்டு வந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தாய்மாமன்கள் இருந்த வீடுகளில் யாருக்கு எத்தனை நெருப்பு என்பதில் தகராறு வந்தது. மண்டபங்களில் கேமராவைக் கண்டதும் பெரியவர்கள் தாமாகவே மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். நான் அப்புறம் இன்னும் மெதுவாக்கியதும் நின்றே போய்விட்டார்கள். தங்கராசு அண்ணன் வாசலில் புதுப் போர்டு வைத்தார். 'திருச்சியில் பயிற்சி பெற்றவர்' என்று அதில் இருந்தது. நான் இல்லை, அவர்.

அமுதா கேட்டது

இந்தக் கொண்டாட்டத்துக்கெல்லாம் முன்னால், அந்த ஆடி மாசத்திலேயே, ஒரு நாள் அமுதா ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தாள். என்னைவிட ஒரு வயசு சின்னவள். ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த அடுத்தவர் கல்யாண போட்டோக்களை எல்லாம் பார்த்து முடித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தாலி கட்டுறப்ப அம்மா மண்டபத்துக்குள்ள வரல. சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல நின்னாங்க. கேமராக்கார அண்ணன் ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்புனாரு. நான் பாத்தேன். அது மட்டும் இருக்கா? சிடி எல்லாம் வேணாம். சும்மா பாக்கணும்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. கெட்டிமேளம் கேட்கிறது. கேமரா ஆடிக்கொண்டே திரும்புகிறது. கதவோரம் ஒரு அம்மா, முந்தானையில் கையைத் துடைத்தபடி, கால் கட்டை விரலில் எம்பி எட்டிப் பார்க்கிறார். ஆறேழு செகண்டு. படம் ஆடுகிறதே என்று நினைத்தேன். அப்புறம், யாரோ சமையல்கார அம்மா என்று நினைத்தேன். அழித்தேன்.

எங்கள் அம்மாவும் எந்த விசேஷத்திலும் அப்படிக் கதவோரம் நிற்கிறவர்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்ல அமுதா. நான்தான் அழிச்சேன்."

"டேப்புல?"

"அதுலயும் இல்ல."

பதினோரு செகண்டு இருந்தால் நாலு நிமிஷம் செய்துவிடுவேன். ஒன்றுமே இல்லாததிலிருந்து எதையும் செய்ய முடியாது.

"பரவால்லக்கா" என்றாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுப் போனாள்.

புளிக்காய்ச்சல்

அடுத்த வருஷம் அமுதாவுக்கு வளைகாப்பு என்று கோவிந்தசாமி சொல்லியனுப்பினார். "எனக்கு ஒரு கேமரா குடுங்கண்ணே, நானும் வரேன்" என்று தங்கராசு அண்ணனிடம் கேட்டேன். மாமா பாட்டால் மனசு குளிர்ந்திருந்தவர், சரி என்றார். அண்ணன் நேரே அரும்பாவூருக்குப் போய்விட்டார். நான் முதல் பஸ் பிடித்து கோவிந்தசாமி வீட்டுக்குப் போனேன்.

வளைகாப்பு அரும்பாவூரில், மாப்பிள்ளை வீட்டில். பெண் வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வேனில் போக வேண்டும். கொல்லைப்புறத்தில் மூன்று அடுப்பு எரிந்தது. மூன்றுக்கும் நடுவில் சின்னப்பொண்ணு அம்மா. அவர் வேனில் ஏறப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கேமராவைப் பார்த்ததும் கரண்டியால் விரட்டினார். "என்ன எதுக்கும்மா எடுக்கற? புகையா கெடக்கு. அங்க போயி அமுதாவ எடு."

"அங்க அண்ணன் எடுப்பாரும்மா. நீங்க வேலயப் பாருங்க."

வேலையைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் நான் நிற்பதையே மறந்துவிட்டார். புளிக்காய்ச்சல் கொதித்தது. எண்ணெய் மேலே வந்தது. தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கிண்டினார்.

வேனில் நானும் போனேன். அரும்பாவூரில் வளையல் அடுக்கி முடித்துப் பந்தி போட்டதும், மாப்பிள்ளையின் அம்மா முதல் வாய் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "புளிசோத்துல உப்பே இல்ல." பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். நான் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சம்பந்தியம்மா சொன்ன பிறகு உப்பு இருக்க முடியாது. அமுதாவை ஏற்றிக்கொண்டு வேன் திரும்பிய வேகத்தைவிட வேகமாக அந்தச் செய்தி அரியலூருக்குப் போய்விட்டது. நாங்கள் இறங்கும்போது சின்னப்பொண்ணு அம்மா முகம் செத்துப்போய் நின்றார். மகளைக் கட்டிக்கொண்டு, "உப்பில்லையாமே" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

எடிட் செய்ய உட்கார்ந்தேன். வளையல், சந்தனம், கோவிந்தசாமி, பூமி உருண்டை எல்லாம் வழக்கம்போல் தாளத்துக்கு விழுந்தன. கொல்லைப்புறத்துத் துண்டுக்கு மூன்று பாட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கரண்டியின் சத்தம் அதன் போக்கில் வந்தது. கடைசியில் பாட்டை எடுத்துவிட்டேன். வெட்டாமலேயே நாலு நிமிஷம் விட்டேன்.

"யாரும்மா இத ஒக்காந்து பாக்கறது?" என்றார் தங்கராசு அண்ணன்.

சிடியை நானே கொண்டுபோய்ப் போட்டேன். கோவிந்தசாமி அவர் வருகிற இடங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கொல்லைப்புறம் வந்ததும் "பாட்டு நின்னு போச்சும்மா" என்றார். அமுதா, "அம்மா, இங்க வா. சீக்கிரம் வா" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

சின்னப்பொண்ணு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். டிவியில் அவர் கிண்டிக்கொண்டிருந்தார். நரைத்த முடி காற்றில் பறந்தது. புகைக்கு முகத்தைச் சுளித்தார். அமுதா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

அவர் விறுவிறுவென்று முன்னால் வந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

"நிறுத்து, நிறுத்து! கொஞ்சம் பின்னால ஓட்டு."

ஓட்டினேன்.

"அங்க பாரு, எங் கையப் பாரு. ஒண்ணு. ரெண்டு. ரெண்டு கை கல்லுப்பு போடுறேன் பாரு! அண்ணே, பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன்" என்றார் கோவிந்தசாமி.

"நல்லா பாரு. ரெண்டு கை." மறுபடி போடச் சொன்னார். மறுபடி எண்ணினார். அக்கம் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வரச் சொல்லி அவர்களுக்கும் ஒரு தடவை போடச் சொன்னார். எல்லோரும் பார்த்து, உப்பு போட்டது உண்மைதான் என்று ஒத்துக்கொண்ட பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணு போட்டுக் குடும்மா. எம் மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல. உப்பு நல்லா தெரியணும்."